கைம்மையும் கல்வியும்: சகோதரி சுப்பலட்சுமியின் வாழ்வும் பணியும்

ஆய்வுச்சுருக்கம்

பெண்கல்வி வரலாற்றைப் பள்ளிகளின் தொகையாலும் சட்டங்களின் வரிசையாலும் மட்டும் அளந்துவிட இயலாது. எந்தப் பெண் படிக்கலாம், யாரிடம் படிக்கலாம், எந்த வயதுவரை படிக்கலாம் என்பவற்றைப் பண்பாடு வரையறுத்து வந்துள்ளது. அவ்வரையறைகளுக்குள் நின்றே அவற்றை நெகிழச் செய்தவர் சகோதரி ஆர். எஸ். சுப்பலட்சுமி (1886–1969). அவர்தம் வாழ்வின்வழி, கைம்மை என்னும் சமூக நிலை கல்வியோடு கொண்ட உறவையும், சீர்திருத்தம் பெற்ற வெற்றியையும், அதன் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பெண்கல்வி, கைம்மை, குழந்தை மணம், ஆசிரியப் பயிற்சி, சாரதா இல்லம், சாதி

முன்னுரை

தமிழ்ச் சமூகத்தில் கைம்மை பற்றிய பதிவுகள் தொன்மையானவை. பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு பாடிய புறநானூற்றுப் பாடல் (246), கணவனை இழந்த பெண்டிர் மேற்கொண்ட உணவுக் கட்டுப்பாட்டையும் படுக்கைத் துறப்பையும் காட்டுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குழந்தை மணத்தோடு இணைந்தபோது இந்நிலையின் கொடுமை பன்மடங்காயிற்று. மணவாழ்வு இன்னதென அறியாத சிறுமியர், வாழ்நாள் முழுவதும் கைம்பெண்டிராகவே வாழ நேர்ந்தது. 1856ஆம் ஆண்டின் இந்துக் கைம்பெண் மறுமணச் சட்டம் மறுமணத்திற்குச் சட்ட ஏற்பளித்தது. எனினும் சமூக ஏற்பு அதனைத் தொடர்ந்து வரவில்லை. சட்டம் திறந்த வாயிலைப் பண்பாடு அடைத்திருந்த இச்சூழலில்தான் சுப்பலட்சுமியின் வாழ்வு தொடங்குகிறது.

இளமையும் கல்வியும்

தஞ்சைப் பகுதியைப் பூர்விகமாகக் கொண்ட வைதிகப் பிராமணக் குடும்பத்தில், ஆர். வி. சுப்பிரமணிய ஐயர், விசாலாட்சி இணையரின் மூத்த மகளாகச் சுப்பலட்சுமி பிறந்தார். அக்கால வழக்கப்படி 11ஆம் வயதில் அவருக்கு மணம் நிகழ்ந்தது. சிறிது காலத்திற்குள் கணவர் இறந்தார். அவர் குடும்பத்திலேயே இளமையில் கணவனை இழந்த சிற்றன்னை ஒருவரும் வாழ்ந்து வந்தார். கைம்மையின் முழுப் பொருளையும் வீட்டிற்குள்ளேயே அறிந்திருந்த பெற்றோர், மகளை அவ்வழியில் விடாது கல்வியின் பக்கம் திருப்பினர்.

இம்முடிவு எளிதானதன்று. கைம்பெண் மங்கல நிகழ்வுகளிலிருந்து விலக்கப்பட்டவள். பொதுவெளியில் நடமாடுவதே தீநிமித்தமாகக் கருதப்பட்டது. அத்தகைய ஒருவர் புத்தகத்துடன் தெருவில் நடந்து செல்வது உறவினரின் கண்டனத்திற்கும் அண்டை வீட்டாரின் ஏளனத்திற்கும் இடமளித்தது. மேலும், பூப்பெய்திய பெண்ணை ஆடவர் கற்பிக்கும் பள்ளிக்கு அனுப்ப வைதிகக் குடும்பங்கள் இசையவில்லை. இதனால் வீட்டில் தந்தையின் துணையோடும், பின்னர்க் கிறித்தவத் துறவியர் நடத்திய கல்வி நிலையத்திலும் சுப்பலட்சுமி பயின்றார். அத்துறவியரின் தொண்டு வாழ்வு அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. மணவாழ்வுக்கு அப்பாலும் ஒரு பெண்ணுக்குப் பயனுள்ள பொதுவாழ்வு உண்டு என்பதற்கு அவர் கண்ட நேரடிச் சான்று அதுவே. எனினும் அவர் தம் சமயத்தைவிட்டு விலகவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1911இல் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் என்னும் சிறப்பு அவரைச் சேர்ந்தது.

இலக்கியத் தீர்வும் வாழ்க்கைத் தீர்வும்

அ. மாதவையாவின் முத்துமீனாட்சி புதினம் 1903இல் வெளிவந்தது. கைம்பெண்ணின் துயருக்கு அப்புதினம் மறுமணத்தைத் தீர்வாக முன்வைத்தது. தெலுங்குப் பகுதியில் வீரேசலிங்கம் பந்துலுவும் மறுமணத்தையே இயக்கமாக்கினார். சுப்பலட்சுமி தேர்ந்த வழி வேறு. மறுமணத்தை அவர் தம் பணியின் முதன்மை நோக்கமாக்கவில்லை. கைம்பெண்ணைக் கற்றவளாக்கி, சொந்த வருவாய் உடையவளாக்குவதையே நோக்கமாகக் கொண்டார். மறுமணம் கைம்பெண்ணை மீண்டும் மனைவி என்னும் நிலையில் வைத்துச் சிக்கலைத் தீர்க்கிறது. கல்வியோ, மனைவி என்னும் நிலை இன்றியும் அவளுக்குச் சமூக மதிப்பு உண்டு என நிறுவுகிறது. இவ்வேறுபாடு நுண்மையானது, ஆயினும் விளைவில் பெரியது.

இவ்வழிக்கு முன்மாதிரிகள் மராத்தியப் பகுதியில் இருந்தன. பண்டித ரமாபாய் 1889இல் பம்பாயில் சாரதா சதனத்தையும், தோண்டோ கேசவ கார்வே 1896இல் புணேயில் கைம்பெண்கள் இல்லத்தையும் தொடங்கியிருந்தனர். கிறித்தவத்தைத் தழுவிய ரமாபாயின் நிலையத்தில் மதமாற்றம் நிகழ்கிறது என்னும் ஐயம் எழுந்ததும், பெற்றோர் பலர் தம் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டனர். குடும்பத்தின் நம்பிக்கையை இழந்தால் நிலையம் நிலைக்காது என்பதே அந்நிகழ்வு உணர்த்திய பாடம்.

சாரதா இல்லத்தின் தோற்றம்

1912இல் சாரதா மகளிர் சங்கத்தைச் சுப்பலட்சுமி தொடங்கினார். அதே காலத்தில், சில கைம்பெண்களுடன் சாரதா இல்லம் தோன்றியது. பெண்பள்ளிகளின் ஆய்வாளராகப் பணியாற்றிய கிறிஸ்டினா லிஞ்ச் இம்முயற்சிக்கு உறுதுணையாக நின்று அரசின் ஆதரவைப் பெற்றுத் தந்தார்.

அரசு இதில் ஆர்வம் காட்டியதற்குத் தெளிவான காரணம் உண்டு. ஆடவர் கற்பிக்கும் பள்ளிக்குப் பெண்பிள்ளைகள் அனுப்பப்படவில்லை. ஆதலின் பெண்பள்ளிகள் பெருக வேண்டுமெனில் பெண் ஆசிரியர் வேண்டும். இந்துப் பெண்களோ இளமையிலேயே மணமாகிக் குடும்பப் பொறுப்பில் அமர்ந்தனர். இச்சூழலில் குடும்பப் பொறுப்புச் சுமத்தப்படாது எஞ்சி நின்றோர் கைம்பெண்டிரே. பெண்ணைப் பள்ளியிலிருந்து விலக்கிய அதே மரபு, பெண் ஆசிரியருக்கான தேவையை உண்டாக்கியது. பயனற்றவள் என அம்மரபு ஒதுக்கியவளே அத்தேவையை நிறைவு செய்யத் தக்கவளானாள். மரபின் இம்முரணைச் சுப்பலட்சுமி செயல்திட்டமாக மாற்றினார். வீட்டின் மூலையில் அமர்த்தப்பட்டவள் வகுப்பறையின் முன்னே நின்றபோது, அவளிடம் பாடம் கேட்ட சிறுமியரின் மனத்தில் கைம்பெண் பற்றிய கருத்தும் மாறத் தொடங்கியிருத்தல் வேண்டும்.

இல்லம் வளர்ந்த நிலையில் திருவல்லிக்கேணிக் கடற்கரையை அடுத்த ஐஸ் ஹவுஸ் கட்டடத்திற்கு இடம்பெயர்ந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க எழுப்பப்பட்டு, 1897இல் விவேகானந்தர் தங்கியதால் புகழ்பெற்ற அக்கட்டடம், இளங்கைம்பெண்களின் கல்விக்கூடமாயிற்று. அருகிலிருந்த மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் பள்ளி ஒன்று நடத்தப்பட்டது. 1922இல் லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி நிறுவப்பட்டபோது சுப்பலட்சுமி அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1927இல் சாரதா மகளிர் சங்கத்தின் சார்பில் சாரதா வித்யாலயா தோன்றியது. 1938இல் அது இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது.

எல்லைகளும் விலையும்

இம்முயற்சியின் வெற்றிக்கு அடிப்படையாக அமைந்த உத்தியே அதன் எல்லையாகவும் அமைந்தது. சாரதா இல்லம் பிராமணக் கைம்பெண்களுக்குரியதாக விளங்கியது. உணவு, ஆசாரம், நோன்பு ஆகியவற்றில் வீட்டு ஒழுங்கு காக்கப்படும் என்னும் உறுதி இருந்தமையால்தான் வைதிகக் குடும்பங்கள் தம் மகளிரை அனுப்ப முன்வந்தன. பாலினத் தடையைத் தளர்த்தும் பொருட்டுச் சாதித் தடை ஏற்கப்பட்டது என்பதே இதன் பொருள். ஒரு தடையை விலக்க மற்றொன்றின் துணையை நாடும் சீர்திருத்தம், பயன்பெறுவோர் வட்டத்தைச் சுருக்கிவிடுகிறது.

இவ்விடத்தில் சுப்பலட்சுமி பிறந்த அதே 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியோடு ஒப்பிடுதல் பொருந்தும். அவர் 1930இல் தொடங்கிய ஔவை இல்லம், தேவதாசிக் குடும்பப் பெண்கள் உட்பட எல்லாச் சாதிப் பெண்களுக்கும் இடமளித்தது. ஒருவர் வைதிகத்தின் உள்ளிருந்து அதனை நெகிழ்த்தினார். மற்றவர் அதன் வெளியே நின்று அதனை எதிர்கொண்டார். முன்னதன் நிதானமும் பின்னதன் பரப்பும் ஒன்றையொன்று நிறைவு செய்வன எனினும், இரண்டையும் ஒரே தன்மையன எனக் கொள்ளுதல் பொருந்தாது.

பொதுவாழ்வு

அரசுப் பணியில் இருந்தமையால் இந்திய மாதர் சங்கத்தில் உறுப்பினராகச் சேரச் சுப்பலட்சுமிக்குத் தடை இருந்தது. ஆயினும் பெண்கல்விக்காகவும் குழந்தை மண ஒழிப்பிற்காகவும் அவர் தொடர்ந்து பரப்புரை செய்தார். அகில இந்திய மாதர் மாநாட்டுப் பணிகளில் ஈடுபட்டார். மணவயது பற்றி ஆராய 1928இல் அமைக்கப்பட்ட ஜோஷி குழுவின் முன் சான்றளித்தார். அக்குழுவின் ஆய்வை ஒட்டி நிறைவேறிய 1929ஆம் ஆண்டின் குழந்தை மணத் தடைச் சட்டம், பெண்ணின் மணவயதை 14 என வரையறுத்தது. 11ஆம் வயதில் மணமுடிக்கப்பட்ட ஒருவரின் சான்று அதற்குத் துணைநின்றமை கருதத்தக்கது. கைம்பெண்ணுக்குக் கல்வியளித்தல் விளைந்த துயருக்கு மருந்து. மணவயதை உயர்த்துதல் அத்துயர் விளையாமற் காத்தல். இரண்டிலும் அவர் பணி அமைந்தது.

1942இல் மயிலாப்பூரில், இளமையில் கல்வி வாய்ப்பை இழந்த பெண்களுக்காக ஸ்ரீ வித்யா கலாநிலையம் என்னும் பள்ளியைத் தொடங்கினார். இங்குக் கைம்மை என்னும் வரையறை மறைந்து, வயது கடந்தும் கற்க விழையும் பெண் என்பதே தகுதியாயிற்று. 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவை உறுப்பினராக விளங்கினார். 1958இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1969 டிசம்பர் 20ஆம் நாள் மறைந்தார்.

முடிவுரை

சுப்பலட்சுமியின் வாழ்விலிருந்து மூன்று கருத்துகள் புலனாகின்றன. முதலாவது, பெண்கல்விக்கு எதிரான தடை பள்ளியின்மை மட்டுமன்று. யார் கற்பிக்கிறார், யாருடன் அமர்ந்து கற்க வேண்டும், எங்கு உண்ண வேண்டும் என்னும் பண்பாட்டு வினாக்களும் தடைகளாயின. இரண்டாவது, சமூக மனப்பான்மை வாதத்தால் மட்டும் மாறுவதில்லை. இழிவாகக் கருதப்பட்டவர் மதிக்கத்தக்க பணியில் நாள்தோறும் காணப்படுவதாலும் அது மாறுகிறது. மூன்றாவது, மரபின் ஒப்புதலோடு நிகழும் மாற்றம் அம்மரபின் வேலிக்குள்ளேயே முதலில் நிகழ்கிறது. அவர் கற்பித்த பெண்கள் பெற்ற வாழ்வையும், அவ்வேலிக்கு வெளியே காத்திருந்தோரின் நிலையையும் ஒருசேர நோக்கும்போதே அவர்தம் பணியின் உண்மையான அளவு விளங்கும்.