மூலையில் இருந்த பிரம்பு

அடியாத மாடு படியாது என்று சொல்லிப் பிள்ளைகளுக்கும் அதே வைத்தியம் செய்யும் வழக்கம் நம்மிடையே உண்டு. சல்லிக் கரையில் வலை இழுத்துக் களைத்து வீடு திரும்பும் தகப்பனுக்குப் பொறுமை இருப்பது அரிது. கூரையில் செருகிய பூவரசந்தடியோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஏழைக் குடிலொன்றில் வளர்ந்து, இளைஞரின் தந்தையெனப் பெயர்பெற்ற புனித தொன் பொஸ்கோவின் வாழ்க்கையைப் பெற்றோர் அறிவது நன்று.

1815 ஆகஸ்ட் 16இல் இத்தாலியில், துரின் நகருக்கு அண்மையிலுள்ள பெக்கி என்னும் சிற்றூரில், கமக்காரக் குடும்பமொன்றில் ஜோன் பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன் தகப்பன் இறந்தார். விதவையான தாய் மார்கரீத்தா, கணவனின் முதல் தாரத்து மகனோடு தம் இரு மைந்தரையும் உழைத்து வளர்த்தார்.

அவ்வீட்டின் மூலையில் எப்போதும் ஒரு பிரம்பு இருந்தது. தாய் அதை அகற்றவுமில்லை, பிள்ளைகள்மேல் ஓங்கவுமில்லை. ஒருநாள் அவர் வெளியே சென்றிருந்தபோது, சிறுவன் ஜோன் எண்ணெய்ச் சாடியை உடைத்துவிட்டான். தானே ஒரு கம்பை வெட்டிச் சீவி, தாயை எதிர்கொண்டு போய், குற்றத்தை ஒப்புக்கொண்டு அதை நீட்டினான். தாய் சிரித்துவிட்டார். ஆயினும் எதையும் செய்யுமுன் யோசிக்கவேண்டுமென்று புத்தி சொல்ல மறக்கவில்லை. அடிக்குப் பயந்த பிள்ளை உடைந்த துண்டுகளை ஒளிக்கும். அன்பை அறிந்த பிள்ளை தவறைத் தானே சொல்லும்.

ஒன்பது வயதில் ஜோன் ஒரு கனவு கண்டான். தூஷணம் பேசிய சிறுவர்களை அவன் கைமுட்டியால் அடக்கப் பாய்ந்தான். அடியால் அல்ல, சாந்தத்தாலேயே அவர்களை நண்பராக்க வேண்டுமென்று ஒளிமயமான ஒருவர் அவனைத் தடுத்தார்.

1841இல் குருவானவர், துரின் சிறைகளில் அடைபட்ட சிறுவர்களைக் கண்டு கலங்கினார். வெளியே அன்பான ஒருவர் இருந்திருந்தால் இவர்கள் இங்கு வந்திருக்கமாட்டார்களே என்று எண்ணினார். அவ்வாண்டு டிசம்பர் 8இல், பூசைக்கு உதவத் தெரியாத ஏழைச் சிறுவன் ஒருவனைக் கோவில் பணியாளர் அடித்து விரட்டினார். தொன் பொஸ்கோ அவனைத் திருப்பி அழைத்து, நட்போடு பேசி, ஞானோபதேசம் தொடங்கினார். அந்த ஒருவனிலிருந்து நூற்றுக்கணக்கானோர் பெருகினர். 1846இல் தாயும் மகனுக்குத் துணையாக வந்து, பத்தாண்டுகள், தாம் இறக்கும்வரை, அச்சிறுவர்களுக்குச் சமைத்தார், துணி தைத்தார்.

1877இல் தம் முறையை அவர் சுருக்கமாக எழுதிவைத்தார். நியாயம், சமயம், அன்பு ஆகிய மூன்றே அதன் தூண்கள். அது கண்டிப்பில்லாத முறையல்ல. ஒழுங்குகளை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லவேண்டும், பிள்ளைகளோடு கூடவே இருக்கவேண்டும், தனியே அழைத்துத் திருத்தவேண்டும், அடித்தல் ஆகாது. அன்புள்ள ஒருவரின் வருத்தப் பார்வையே போதிய தண்டனை. 1884இல் எழுதிய கடிதமொன்றில், பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, நேசிக்கப்படுவதை அவர்களே உணரவேண்டுமென்று வற்புறுத்தினார்.

1888 ஜனவரி 31இல் இறந்த அவருக்கு 1934இல் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. அவரது சலேசிய சபையினர் 1906இல் தஞ்சாவூருக்கும், 1956இல் இலங்கைக்கும் வந்தனர்.

அன்பான பெற்றோரே, பிள்ளைக்காக உழைக்கிறோம், அதுவே அன்பு என்கிறோம். அது பிள்ளைக்குத் தெரிகிறதா? இன்றிரவு செபமாலை முடிந்ததும், பிள்ளையை அருகில் இருத்திச் சற்றுப் பேசுங்கள். தடி கூரையிலேயே இருக்கட்டும்.