முத்துலட்சுமி ரெட்டி: காமாத்திபுராவுக்கும் இந்தப் புதுக்கோட்டை டாக்டருக்கும் என்ன சம்பந்தம்?

மாட்டுங்கா ரோடு ஸ்டேஷனில் சர்ச்கேட் போகும் ஸ்லோ லோக்கல் ஏறினால், ஆறாவது ஸ்டேஷன் கிராண்ட் ரோடு. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் காமாத்திபுரா. நீங்கள் தாராவியிலோ செம்பூரிலோ வளர்ந்தவர் என்றால், வீட்டில் அந்தப் பெயரை யாரும் சத்தமாகச் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயரை மட்டும் நிச்சயம் கேட்டிருப்பீர்கள். ஊரில் இருக்கும் உங்கள் அக்காவோ அண்ணியோ அவர் பெயரில் உள்ள மகப்பேறு நிதியுதவியை வாங்கியிருக்கலாம். பாலியல் தொழில் பற்றிய சட்டம் யாரைக் காப்பாற்ற வேண்டும் என்ற கேள்வியோடு தன் வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தவர் அவர். அந்தக் கேள்விக்கு இன்றுவரை முழுப் பதில் கிடைக்கவில்லை.

சிப்பாய்களுக்காக ஒரு சட்டம்

கதையை அவர் பிறப்பதற்கு முன்பிருந்து தொடங்க வேண்டும். 1868-ல் பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பாலியல் தொழிலில் உள்ள பெண்கள் அரசிடம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும், கட்டாய மருத்துவப் பரிசோதனைக்கு வர வேண்டும். நோய் இருந்தால், குணமாகும்வரை தனி மருத்துவமனையில் அடைத்துவைப்பார்கள். அவர்களிடம் போன ஆண்களுக்கு எந்தப் பரிசோதனையும் கிடையாது. பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு நோய் வரக்கூடாது, அவ்வளவுதான் நோக்கம்.

பம்பாயில் இந்தச் சட்டம் 1870-ல் நடைமுறைக்கு வந்தது. 1872-ல் நின்றுபோய், 1880-ல் திரும்ப வந்தது. இங்கிலாந்தில் ஜோசஃபின் பட்லர் போன்ற பெண்கள் நடத்திய நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 1888-ல் இந்தியாவிலும் இது ரத்தானது.

1917-ல் பம்பாய் டங்கன் ரோட்டில் ஒரு விடுதியிலிருந்து தப்பிக்கப் பார்த்த இளம்பெண் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார். அந்த வழக்கு நகரத்தை உலுக்கியது. பெண்களைப் பிடித்துவந்து விற்கும் தரகர்களைக் குறிவைத்து 1923-ல் பம்பாயில் தனிச் சட்டம் வந்தது. மதராஸிலும் இதே விவாதம் சூடுபிடித்த நேரத்தில்தான் முத்துலட்சுமி சட்டசபைக்குள் நுழைகிறார்.

சந்திரம்மாளின் மகள்

1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி. அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். இந்தத் திருமணத்துக்காக அப்பாவை அவரது குடும்பம் ஒதுக்கிவைத்தது.

ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் முத்துலட்சுமி சேர விண்ணப்பித்தபோது இரண்டு எதிர்ப்புகள் வந்தன. ஒன்று, அவர் பெண். இன்னொன்று, அவர் தாசி குலத்து அம்மாவின் மகள். புதுக்கோட்டை மன்னர் தலையிட்டு இடம் கொடுத்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர், 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே வரக்கூடாது என்பதுதான் அவர் வைத்த நிபந்தனை.

நிலம்தான் முடிச்சு

1926-ல் மதராஸ் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டே துணைத் தலைவரானார். 1927 இறுதியில், சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைத் தடுக்கக் கோரி அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது.

ஆனால் தீர்மானத்தால் மட்டும் வழக்கம் நின்றுவிடாது என்பது அவருக்குத் தெரியும். கோயில்கள் தாசி குடும்பங்களுக்கு மானிய நிலம் கொடுத்திருந்தன. குடும்பத்தில் ஒரு பெண் கோயில் சேவையில் இருக்கும்வரைதான் நிலம் அவர்களுக்கு. அப்படியென்றால் அடுத்த தலைமுறையில் இன்னொரு சிறுமிக்குப் பொட்டுக்கட்டியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சோற்றுக்கு வழியில்லை.

இந்த முடிச்சை அவிழ்த்ததுதான் 1929-ல் அவர் கொண்டுவந்த அறநிலையச் சட்டத் திருத்தம். நிலத்தையும் சேவையையும் அது பிரித்தது. இனி கோயில் சேவை செய்யாமலேயே அந்தப் பெண்கள் நிலத்தை வைத்துக்கொள்ளலாம். ஒரு வழக்கத்தை ஒழிக்க, முதலில் அதில் மாட்டியிருப்பவர்களின் வயிற்றுப்பாட்டைப் பார்க்க வேண்டும் என்ற தெளிவு இதில் இருக்கிறது.

1930-ல் மதராஸ் விபச்சாரத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்காகப் பாடுபட்டவர்களில் முத்துலட்சுமி முன்வரிசையில் இருந்தார். விடுதி நடத்துவோரையும் தரகர்களையும் தண்டிக்கவும், சிறுமிகளை மீட்கவும் அது வழிசெய்தது. அதே ஆண்டு காந்தி கைதானபோது, எதிர்ப்புத் தெரிவித்து அவர் பதவி விலகினார். பொட்டுக்கட்டுதலையே குற்றமாக்கும் அவரது மசோதா கிடப்பில் விழுந்தது. அது சட்டமாக 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எதிர்த்தவர்கள் யார்?

எதிர்த்தவர்கள் பழமைவாதிகள் மட்டும் என்று நினைத்தால் தவறு. தேவதாசிப் பெண்களே சங்கம் அமைத்து அரசிடம் மனு கொடுத்தார்கள். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளும் அவர்களில் ஒருவர். நாங்கள் சொத்துரிமையும் கல்வியும் உள்ள கலைஞர்கள், எல்லோரையும் ஒரே வார்த்தையில் விலைமாதர் என்று முத்திரை குத்தாதீர்கள் என்பது அவர்களின் வாதம்.

இன்னொரு பக்கம், அதே மரபிலிருந்து வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய் ஒழிப்புக்காகப் பிரச்சாரம் செய்தார்.

முத்துலட்சுமி அம்மாவின் சமூகத்திலிருந்தே இந்தப் பிரச்சனையைப் பார்த்தவர். அதனால் அதில் சிறுமிகள் படும் பாட்டைத்தான் அவர் முதன்மையாகக் கண்டார். அவர் காப்பாற்றியது நிஜம். ஆனால் 1947 சட்டம் கோயிலில் பெண்கள் ஆடுவதையே தடை செய்தது. தலைமுறை தலைமுறையாக ஆடியும் பாடியும் வந்த பெண்கள் தொழிலையும் மரியாதையையும் சேர்த்தே இழந்தார்கள் என்பதும் நிஜம். இரண்டையும் சேர்த்துத்தான் நாம் பார்க்க வேண்டும்.

கதவைத் தட்டிய மூன்று சிறுமிகள்

1930-ல் தாசி குடும்பங்களைச் சேர்ந்த மூன்று சிறுமிகள் உதவி கேட்டு அவரிடம் வந்தார்கள். சென்னையில் இருந்த பெண்கள் விடுதிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்தன. கல்லூரியில் சேர அவர் பட்ட அதே பாடு. தன் வீட்டிலேயே அவர்களைத் தங்கவைத்தார். அப்படிப் பிறந்ததுதான் அவ்வை இல்லம்.

தங்கை புற்றுநோயில் இறந்த துக்கத்திலிருந்து பிறந்தது இன்னொரு கனவு. அது 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாகச் செயல்படத் தொடங்கியது. 1956-ல் பத்மபூஷண் பெற்றார். 1968 ஜூலை 22-ல் காலமானார்.

இன்று காமாத்திபுராவில்

அவருக்குப் பத்மபூஷண் கிடைத்த அதே 1956-ல்தான் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. 1986-ல் திருத்தப்பட்டு, இன்றும் நடைமுறையில் இருப்பது அதுதான். பலருக்கும் தெரியாத விஷயம்: வயதுவந்த ஒரு பெண் தானாகப் பாலியல் தொழில் செய்வது மட்டுமே இதில் குற்றமில்லை. விடுதி நடத்துவது, தரகு வேலை, பொது இடத்தில் ஆள் அழைப்பது எல்லாம் குற்றம். நடைமுறையில் ரெய்டு வந்தால் முதலில் பிடிபடுவது பெரும்பாலும் அந்தப் பெண்கள்தான். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், அவர்களைப் போலீஸ் கண்ணியமாக நடத்த வேண்டும், ரெய்டில் கைது செய்து துன்புறுத்தக் கூடாது என்று சொல்லும் நிலை அதனால்தான் வந்தது.

அடுத்தமுறை காமாத்திபுராவில் ரெய்டு, மீட்பு என்று செய்தி வந்தால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: மீட்கப்பட்ட பெண் நாளைக்கு எங்கே தங்குவார், என்ன சாப்பிடுவார்? 1929-ல் மானிய நிலத்தைப் பற்றி யோசித்தபோதும், மூன்று சிறுமிகளுக்கு வீட்டைத் திறந்துவிட்டபோதும் முத்துலட்சுமி முதலில் பார்த்தது அதைத்தான்.