உள்ளத்தை ஆய்ந்த மருத்துவர்

கோவை நகரின் மேற்கே, மருதமலைச் சாரலில் அமைந்த பாரதியார் பல்கலைக்கழகத்தில் உளவியல் தனியொரு துறையாகப் பயிற்றப்படுகின்றது. கொங்கு நாட்டின் வடவெல்லையில் திம்பம் மலைவழி ஏறி அப்பாற் சென்றால் அடையும் மைசூரில் அத்துறை 1924ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பெற்றது. அதற்கும் முன்னர், 1916ஆம் ஆண்டில், இந்தியாவிலேயே முதன்முதலாக அதற்கு இடமளித்தது கல்கத்தாப் பல்கலைக்கழகம். அங்குத் தொடக்கத்திலேயே மாணவராகச் சேர்ந்தோருள் ஒருவர், ஏற்கெனவே பட்டம் பெற்றுத் தொழில் நடத்திவந்த மருத்துவர். அவரே கிரீந்திரசேகர போஸ்.

போஸ் 1887ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் பிறந்தார். தந்தையார் தர்பங்கா மன்னரின் திவான். உடன்பிறந்தார் ஒன்பதின்மருள் இவரே இளையவர். தமையனாருள் ஒருவராகிய இராசசேகர போஸ் வங்காளத்தின் புகழ்பெற்ற நகைச்சுவை எழுத்தாளர். இளமையிலேயே மனவசியக் கலையில் ஈடுபட்ட கிரீந்திரசேகரர், 1910ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றபின் மனநோயாளரிடம் அக்கலையைப் பயன்படுத்திப் பார்த்தார்.

மனநோயை நோயென்றே பலரும் கருதாத காலம் அது. பேய் பிடித்ததென்று உடுக்கையடித்து ஓட்டுவதும், சங்கிலியாற் பிணைத்து வைப்பதும் நாடெங்கும் வழக்கமாயிருந்தன. நம் கொங்கு நாட்டுச் சிற்றூர்களும் அதற்கு விலக்கல்ல. நோயாளியை அமரச்செய்து அவர் மனத்திலுள்ளவற்றைப் பொறுமையோடு கேட்கும் மருத்துவரைக் காண்பது அரிது. போஸ் கேட்டார். கேட்குந்தோறும், தாம் கற்ற மருத்துவம் உள்ளத்தைப் பற்றி ஒன்றுமே கூறவில்லை என்பதை உணர்ந்தார்.

செர்மனியின் இலைப்சிக் நகரில் 1879ஆம் ஆண்டு வில்ஹெம் உண்ட் என்பார் ஓர் ஆய்வுக்கூடம் நிறுவினார். அதுவரை தத்துவத்தின் ஒரு பகுதியாய் இருந்த மனநூல், அன்றுமுதல் அளந்தும் சோதித்தும் அறியும் அறிவியலாயிற்று. உண்டின் மாணவர் மன்ஸ்டர்பெர்க் அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அவரிடம் பயின்று திரும்பிய நரேந்திரநாத சென்குப்தாவே கல்கத்தாத் துறையின் முதல் தலைவர். போஸ் தம் தொழிலை விடாமலே அங்குப் பயின்று, 1917ஆம் ஆண்டில் முதுநிலைப் பட்டம் பெற்று, அத்துறையிலேயே ஆசிரியருமானார்.

உள்ளத்தில் அமுக்கப்படும் விருப்பங்களைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுக்கு 1921ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் கிடைத்தது. அந்நூலை வியன்னாவில் வாழ்ந்த அறிஞர் சிக்மண்ட் பிராய்டுக்கு அனுப்பினார். தொலைநாட்டில் தம் துறைக்கு இத்துணை ஆர்வம் எழுந்தமை கண்டு பிராய்டு வியந்து மகிழ்ந்தார். இருவர்க்கும் கடிதத் தொடர்பு பல்லாண்டு நீடித்தது. நேரிற் சந்தித்ததே இல்லை. பிராய்டைக் கண்டறியாத ஓவியர் ஒருவர் கற்பனையால் வரைந்த பிராய்டின் உருவத்தை ஒருமுறை போஸ் அனுப்பினார். படம் தம்மை முழு ஆங்கிலேயராக்கி விட்டதென்று பிராய்டு தம் தோழி ஒருவர்க்கு வேடிக்கையாக எழுதினார்.

நட்பு பெருகினும் கருத்து ஒன்றாகவில்லை. ஒவ்வொரு விருப்பத்தோடும் அதற்கு நேர்மாறான விருப்பமும் பிறக்கிறது என்றார் போஸ். பிறரை அடிக்க விரும்புவோன் உள்ளத்தில் தான் அடிபடும் விருப்பமும் மறைந்து நிற்கும். நோயாளி தம்மை எதிரிலிருப்பவர் நிலையில் வைத்து எண்ணப் பழகினால் மறைந்தது வெளிப்படும் என்பது அவர் கண்ட முறை. தம் நாட்டு நோயாளரின் மனப்போக்கு ஐரோப்பியர் போக்கினின்று வேறுபடுவதையும் அவர் எடுத்துக்காட்டினார். பிராய்டு இவற்றை முழுதும் ஏற்றாரில்லை. போஸும் விட்டுக்கொடுத்தாரில்லை. உலகப் புகழ் படைத்தவரிடம் பணிவோடு மாறுபடுதல் எளிதன்று. அதிலும் அடிமைப்பட்டிருந்த நாட்டினர் ஒருவர்க்கு அது மிக அரிது.

1922ஆம் ஆண்டில் போஸ் தம் இல்லத்தில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். 1931ஆம் ஆண்டில் பிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்கு அச்சங்கம் தந்தத்தாலான திருமால் சிலையொன்றை அனுப்பியது. பிராய்டு அதனைத் தம் எழுதுமேசைமீது வைத்தார். 1938ஆம் ஆண்டில் நாசியர் கொடுமைக்குத் தப்பி அவர் இலண்டன் சேர்ந்தபோது அச்சிலையும் உடன்சென்றது.

கல்கத்தாவில் 1940ஆம் ஆண்டு இலும்பினிப் பூங்கா மனநல மருத்துவமனை எழுந்தது. அதற்கு மனையுதவியவர் தமையனார் இராசசேகரர். அங்கே சங்கிலிக்கு வேலையில்லை. கனவுகளைப் பற்றிப் போஸ் தாய்மொழியாகிய வங்காளத்திலேயே நூலெழுதினார். 1953ஆம் ஆண்டு சூன் 3ஆம் நாள் அவர் மறையும்வரை, தாம் தொடங்கிய சங்கத்துக்கு அவரே தலைவராயிருந்தார்.