வெட்கத்தை வென்ற வீராங்கனை

குலசேகரன்பட்டினம்! தசரா நாளில் காளி வேடமிட்ட ஆடவர் ஆயிரமாயிரமாய்த் திரளும் கடற்கரை ஊர். விண்கலம் ஏவும் தளத்துக்கு 2024இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஊர். அங்கே கூட்டம் முடித்து நாம் மேடையைவிட்டு இறங்கியபோது, பனையேறும் தோழர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்துப் போனார். அவருடைய துணைவியார் ஓராண்டுக் காலம் உதிரப் போக்கால் துன்புற்றாராம், யாரிடமும் சொல்லவில்லையாம். மருத்துவமனை சேர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. கருப்பை வாய்ப் புற்றுநோய்!

முப்பதாண்டு கொடி பிடித்தவர்; ஊர்தோறும் பகுத்தறிவு பேசக் கேட்டவர். ஆனால் வீட்டிலே இதைப் பற்றி வாய் திறக்க அவருக்கும் வெட்கம், அந்த அம்மைக்கும் வெட்கம். உயிரைக் குடித்தது நோய் மட்டுமல்ல, தோழர்களே, வெட்கமும்தான்!

அந்த வெட்கத்தை எதிர்த்து நின்ற ஒருவரின் வரலாறு நம் நாட்டிலே உண்டு. அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர் கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபு என்று ஊரார் ஒதுக்கிய குலத்தவர். பெண்ணுக்கு அடுப்படியே போதும் என்றிருந்த காலத்தில், ஆடவர் கல்லூரியிலே அடியெடுத்து வைத்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912இல் மருத்துவப் பட்டம். பிறகு சென்னைச் சட்டமன்ற மேலவையிலே துணைத் தலைவர். அங்கேயும் அவர் பதவிக்காக அமரவில்லை. ஆண்டவன் பெயரால் பெண்ணைப் பொட்டுக்கட்டி விடும் கொடுமையை ஒழிக்கக் குரல் கொடுத்தார். சனாதனிகள் சீறினர். சுயமரியாதை இயக்கம் அவர் பக்கம் நின்றது. அந்தக் கொடுமைக்குச் சாவுமணி அடித்த சட்டம் 1947இல் வந்தது.

தாயின் குலத்தைச் சொல்லி அவரைத் தலைகுனிய வைக்க நினைத்தது சமுதாயம். அவரோ அந்தச் சமுதாயத்தையே தலைகுனிய வைத்தார்!

அருமைத் தங்கையைப் புற்றுநோய் பறித்தது. அழுது ஓயவில்லை அம்மையார். நிதி திரட்டினார், கதவு கதவாகத் தட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் அடையாற்றிலே எழுந்தது புற்றுநோய் மருத்துவமனை. பன்னிரண்டே படுக்கைகள்! அவருடைய மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை ஆலமரமாக்கினர். அம்மையார் 1968இல் மறைந்தார்.

மறைந்தார், ஆனால் அவர் தொடங்கிய போர் முடிந்ததா? இல்லை! 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பலியான பெண்கள் ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் என்பது உலகக் கணக்கீடு.

இத்தனைக்கும் இது திடீரெனப் பாயும் நோயன்று. கிருமி புகுந்து புற்றாக மாறப் பெரும்பாலும் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். இளமையிலே நுழைந்த பகைவனை முப்பது வயதிலே தேடினால், அவன் வளருமுன்னே பிடித்துவிடலாம். நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் தோய்த்த பஞ்சால் ஒற்றினால், கேடுற்ற இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். சில நிமிட வேலை! நம் திண்டுக்கல் மாவட்டத்திலே பயிற்சி பெற்ற செவிலியர், 30 முதல் 59 வயது வரையான பெண்களுக்கு ஒரே ஒரு முறை இதைச் செய்தனர். இந்நோயால் நேரும் சாவு 35 விழுக்காடு குறைந்தது என்று 2007இல் வெளிவந்த ஆய்வு உலகுக்கு அறிவித்தது. 9 முதல் 14 வயதுச் சிறுமியருக்கோ, கிருமியையே தடுக்கும் ஊசி இருக்கிறது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்வோம். அந்தக் கிருமி ஆணும் பெண்ணும் கூடும்போது பரவுவது. ஆணும் அதைச் சுமக்கிறான். ஆகவே, நோயுற்ற பெண்ணின் ஒழுக்கத்தின் மேல் பழிபோட எவனுக்கும் தகுதியில்லை!

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலே முப்பது வயது கடந்த பெண்களுக்கு இந்தச் சோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. தோழனே! உன் துணைவியை நீயே அழைத்துச் செல். ஒரு நாள் கூலி போகும், போகட்டும். பனையேறும் அந்தத் தோழர் நம்மிடம் கேட்டுக்கொண்டதும் இதுதான்: அடுத்த கூட்டத்திலாவது இதைப் பேச வேண்டும் என்று. பேசுவோம், எல்லா மேடையிலும் பேசுவோம். முதலில், அவரவர் வீட்டிலே பேசுவோம்!