மருந்து தந்த மாமேதை சுப்பாராவ்



பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ காலையில் தோசை சாப்பிட்டுப் பள்ளிக்கு வருகிறீர்கள். அந்த மாவைப் புளிக்க வைப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். நம் குடலிலும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் உண்டு. அவை சும்மாவா இருக்கு? சில, போலிக் அமிலம் என்ற வைட்டமினை உண்டாக்குகின்றன. அது மற்ற நுண்ணுயிர்களுக்கும் நமக்கும் உதவுகிறது. அந்த அமிலத்தை மருந்தாக்கிய குழுவின் தலைவர்தான் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895இல் சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் ஏழ்மையில் பிறந்தார். மூன்றாம் முறைதான் மெட்ரிகுலேஷன் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்தை இழந்தார். 'ஸ்ப்ரூ' என்னும் கழிச்சல் நோய் உடன்பிறந்தவரைப் பறித்தது, அவரையும் வாட்டியது. இந்நோயில் குடல் பழுதாகிப் போலிக் அமிலம் உடம்பில் சேராது, இரத்தம் குன்றும்.

பிறகு அமெரிக்கா சென்றார். அங்கே லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் குழு ஈரலிலிருந்து அந்த அமிலத்தைத் தேடியது. துப்புக் கொடுத்ததும் ஒரு நுண்ணுயிரே! போலிக் அமிலம் இருந்தால்தான் அது வளரும். 1945இல் செயற்கையாகவே செய்து காட்டினார்கள். ஸ்ப்ரூ நோயாளிகள் தேறினார்கள்.

மண்ணில் வாழும் நுண்ணுயிர் தந்த ஆரியோமைசின் மருந்தும் அவர் தலைமையில் 1948இல் வெளிவந்தது. அதே ஆண்டு, 53 வயதில் மறைந்தார்.

இன்று பரிசு கிடைக்காத தம்பி தங்கைகளே, மனம் தளராதீங்க! இருமுறை தோற்ற பையன்தான் உலகுக்கே மருந்து தந்தான்.