கணக்கால் குதிரையை வெல்ல முயன்ற சீமாட்டி

ஸ்ரீரங்கம் கோயிலில் சேஷராயர் மண்டபம் இருக்கிறது. அதன் தூண்களில் கல் குதிரைகள் முன்னங்கால்களைத் தூக்கிப் பாய்கின்றன. நூற்றாண்டுகளாகப் பாய்ந்துகொண்டே இருக்கின்றன. அவற்றின் மீது யாரும் பணம் கட்டியதில்லை. ஆகையால் அவற்றால் யாரும் கெட்டதும் இல்லை.

காவிரிப் பாலத்தைத் தாண்டித் திருச்சிக்கு வந்தால், ரேஸ்கோர்ஸ் ரோடு என்று ஒரு சாலை. இன்று அங்கே குதிரை பெயரில்தான் ஓடுகிறது. அந்தச் சாலையில் ஜமால் முகமது கல்லூரி இருக்கிறது. மாணவர்கள் அங்கே கம்ப்யூட்டர் பாடம் படிக்கிறார்கள்.

குதிரைப் பந்தயத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன உறவு? உறவு உண்டு. இரண்டும் ஒரே பெண்ணின் வாழ்க்கையில் சந்தித்தன. அவர் பெயர் ஏடா லவ்லேஸ். கம்ப்யூட்டருக்கு முதன் முதலில் புரோகிராம் எழுதியவர் என்று உலகம் போற்றும் ஆங்கிலேயச் சீமாட்டி.

எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் சாப்ட்வேரை இன்று காசுக்கு விற்கிறார்கள். அந்த ஆசை புதியது அல்ல. 170 ஆண்டுகளுக்கு முன்பே அது ஏடாவைப் பிடித்துக்கொண்டது. அவர் கதி என்ன ஆயிற்று?

தாயின் அச்சம்

ஏடா 1815-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி லண்டனில் பிறந்தார். தந்தை பைரன் பிரபு, புகழ் பெற்ற கவிஞர். கவிதையில் கெட்டிக்காரர், குடும்பம் நடத்தத் தெரியாதவர். கடனும் கெட்ட பெயரும் அவரைச் சுற்றி வளைத்திருந்தன.

குழந்தைக்கு ஒரு மாதம் ஆனபோது, தாய் அனபெல்லா அதைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். சில மாதங்களில் பைரன் நாட்டை விட்டே வெளியேறினார். பிறகு திரும்பவே இல்லை. 1824-ம் ஆண்டு கிரீஸ் நாட்டில் இறந்து போனார். அப்போது ஏடாவுக்கு வயது 8. தந்தையின் முகமே அந்தச் சிறுமிக்குத் தெரியாது.

தந்தையின் குணம் மகளுக்கும் வந்துவிடுமோ என்று தாய் அஞ்சினார். அதற்கு அவர் கண்ட மருந்து கணிதம்! கணக்குப் படித்தால் மனம் அலை பாயாது என்று நம்பினார். வீட்டிலேயே ஆசிரியர்களை வைத்துப் படிக்க வைத்தார். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில்கூடப் பெண்களுக்குக் கல்லூரிப் படிப்பு கிடையாது.

மதுரையில் பிறந்த ஆசிரியர்

1829-ம் ஆண்டு ஏடாவுக்கு அம்மை கண்டது. கால்கள் முடங்கின. நீண்ட காலம் படுக்கையில் கிடந்தார். பிறகு கோல் ஊன்றி நடந்தார். படிப்பை மட்டும் விடவில்லை.

17 வயதில் ஒரு விருந்தில் சார்லஸ் பாபேஜ் என்ற கணித மேதையைச் சந்தித்தார். பித்தளைச் சக்கரங்களைக் கொண்டு கணக்குப் போடும் எந்திரம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தவர் அவர். விருந்துக்கு வந்தவர்கள் அதை வேடிக்கைப் பொருளாகப் பார்த்தார்கள். ஏடா அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தார்!

1835-ம் ஆண்டு அவருக்குத் திருமணம் நடந்தது. கணவர் வில்லியம் கிங், பின்னர் லவ்லேஸ் பிரபு ஆனார். மூன்று குழந்தைகள் பிறந்தன. தாயான பிறகும் ஏடா பாடம் கேட்டார். 1840-ம் ஆண்டில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் அகஸ்டஸ் டி மார்கன்.

இந்த டி மார்கன் பிறந்த ஊர் நம் மதுரை! அவருடைய தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் அதிகாரி. 1806-ம் ஆண்டு மதுரையில் பிறந்து, கைக்குழந்தையாகவே இங்கிலாந்து போய், லண்டனில் கணிதப் பேராசிரியர் ஆனவர். எது நடக்க எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று அளந்து பார்க்கும் கணிதத்தைப் பற்றி அவர் புத்தகமே எழுதியிருக்கிறார்.

தறியும் எந்திரமும்

பாபேஜ் இன்னொரு பெரிய எந்திரத்துக்குத் திட்டம் போட்டார். அதற்கு ஓட்டை போட்ட அட்டைகள் மூலம் கட்டளை கொடுக்கலாம். காஞ்சிபுரத்துப் பட்டுத் தறியில் ஜக்கார்டு பெட்டியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அட்டையில் உள்ள ஓட்டைப்படி இழை எழும்பும். சேலையில் பூ விழும். அதே முறையில் எந்திரம் கணக்கு நெய்யும்!

அந்த எந்திரத்தைப் பற்றி இத்தாலியர் ஒருவர் பிரெஞ்சு மொழியில் கட்டுரை எழுதியிருந்தார். ஏடா அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கூடவே தம் குறிப்புகளையும் சேர்த்தார். குறிப்புகள் கட்டுரையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம்! 1843-ம் ஆண்டு அவை அச்சில் வந்தன. கடினமான ஓர் எண் வரிசையை எந்திரம் படிப்படியாக எப்படிக் கணக்கிட வேண்டும் என்று அதில் ஓர் அட்டவணை இருந்தது. அதைத்தான் உலகின் முதல் புரோகிராம் என்கிறார்கள். அதில் பாபேஜின் பங்கு எவ்வளவு என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்.

குறிப்புகளில் ஏடா ஓர் எச்சரிக்கையும் செய்திருந்தார். எந்திரம் தானாக எதையும் படைக்காது; எதைச் செய்யும்படி நமக்குக் கட்டளை இடத் தெரியுமோ, அதை மட்டுமே செய்யும் என்பது அதன் சாரம். பொன்னான புத்திமதி! அதை அவரே மறந்ததுதான் பரிதாபம்.

பந்தயப் பித்து

பாபேஜின் எந்திரம் கட்டி முடிக்கப்படவே இல்லை. ஏடாவின் அறிவுக்கு வேலை இல்லாமல் போயிற்று. உடம்பும் அடிக்கடி படுத்தது. இந்த நிலையில் அவர் மனம் குதிரைப் பந்தயத்தின் பக்கம் திரும்பியது.

நளன் கதை தமிழ் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். நளனுக்குக் குதிரையின் நெஞ்சம் தெரியும். இருதுபன்னன் என்ற அரசனுக்கு எண்ணின் நுட்பம் தெரியும். இருவரும் வித்தையை மாற்றிக்கொண்டார்கள். பிறகுதான் நளன் சூதில் வென்று நாட்டை மீட்டான். ஏடாவுக்குக் குதிரையும் பிடிக்கும், கணக்கும் தெரியும். ஆகவே வெற்றி நிச்சயம் என்று நினைத்தார் போலும்!

பணக்கார நண்பர்கள் சிலருடன் கூட்டுச் சேர்ந்தார். பெரிய தொகை கட்டி ஜெயிக்கக் கணித வழி ஒன்றை வகுக்க முயன்றார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள்.

இதில் என்ன கஷ்டம்? குதிரையின் பழைய ஓட்டம், வயது, சுமக்கும் எடை, ஜாக்கியின் திறமை, தரையின் ஈரம் எல்லாம் கணக்கில் வர வேண்டும். சில பந்தயங்களில் வலுவான குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றி, எல்லாக் குதிரைக்கும் சம வாய்ப்புக் கொடுப்பார்கள். இதற்கு ஹாண்டிகாப் என்று பெயர்.

எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் போதாது. சம பலமுள்ள 5 குதிரைகள் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் மீதும் ஒரு ரூபாய் விழுந்தால் மொத்தம் 5 ரூபாய். ஜெயித்தவருக்கு 5 ரூபாய் கொடுத்தால்தான் நியாயம். பந்தயம் வாங்குபவர் 4 ரூபாய் 50 காசுதான் கொடுப்பார். எந்தக் குதிரை வந்தாலும் 50 காசு அவர் பைக்குள்! ஆகவே பந்தயம் கட்டுபவர் மற்றவர்களைவிடச் சற்று நன்றாகக் கணித்தால் போதாது. அந்தக் கழிவையும் மிஞ்சும் அளவுக்குக் கணிக்க வேண்டும்.

அடகுக்குப் போன வைரம்

1851-ம் ஆண்டு எப்சம் நகரில் டெர்பி பந்தயம் நடந்தது. ஏடா தோற்றார். இழந்த தொகை 3,200 பவுண்டு! கைச்செலவுக்கு அவருக்குக் கிடைத்ததோ ஆண்டுக்கு 300 பவுண்டு. பத்து ஆண்டுப் பணம் ஒரே பந்தயத்தில் போயிற்று.

கணவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. கடன்காரர்கள் நெருக்கினார்கள். கணவர் குடும்பத்துப் பரம்பரை வைர நகைகள் இரகசியமாக அடகுக்குப் போயின. செய்தி அறிந்த தாய் பணம் கட்டி மீட்டுக் கொடுத்தார். நகைகள் மீண்டும் அடகுக்குப் போயின! எந்தக் குணம் வந்துவிடக் கூடாது என்று தாய் கணக்குச் சொல்லிக் கொடுத்தாரோ, அந்தக் கணக்கின் வழியாகவே அது வீட்டுக்குள் வந்துவிட்டது.

பிற்காலத்தில் கம்ப்யூட்டர் வந்தது. ஹாங்காங்கில் பில் பென்டர் என்ற அமெரிக்கர் குதிரைப் பந்தயத்துக்கு நிஜமாகவே புரோகிராம் எழுதி, பெரும் பணம் சம்பாதித்தார். ஆனால் முதலில் அவரும் கைமுதலில் பெரும்பகுதியை இழந்தார். பல ஆண்டுகள் விவரம் சேர்த்துத் திருத்திய பிறகே ஜெயித்தார். அப்படி ஜெயித்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-ம் ஆண்டு சட்டம் வந்தது.  1996-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு, குதிரைப் பந்தயம் திறமையின்பாற்பட்டது என்று தீர்ப்புக் கூறியது. திறமை வேண்டும் என்பது உண்மைதான். திறமை இருந்தால் பணம் தப்பும் என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. ஏடாவைவிடத் திறமைசாலி யார்?

தந்தையின் பக்கத்தில்

கடன் ஒரு பக்கம் வாட்ட, கருப்பையில் புற்றுநோய் மறுபக்கம் வாட்டியது. 1852-ம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதி ஏடா கண்ணை மூடினார். வயது 36. பைரன் இறந்ததும் அதே 36-வது வயதில்தான். தந்தையின் பக்கத்தில் தம்மை அடக்கம் செய்யும்படி ஏடா கேட்டிருந்தார். ஹக்னல் என்ற ஊரின் மாதா கோயிலில், முகம் தெரியாத தந்தைக்கு அருகே மகள் உறங்குகிறார்.

அமெரிக்க ராணுவ இலாகா ஒரு கம்ப்யூட்டர் மொழிக்கு ஏடா என்றே பெயர் சூட்டியது. அதன் தர எண் 1815. அவர் பிறந்த ஆண்டு!

எந்திரத்துக்காக ஏடா போட்ட கணக்கு நூறு ஆண்டு கழித்துப் பலித்தது. குதிரைக்காகப் போட்ட கணக்கு ஒரு பந்தயத்தில் பொய்த்தது. முன்னதில் தமக்குத் தெரிந்ததை எழுதினார். பின்னதில் தெரியாததைத் தெரிந்ததாக எண்ணிப் பணத்தைக் கட்டினார். அந்தப் பிழையைத் திருத்தும் சாப்ட்வேரை இதுவரை யாரும் எழுதவில்லை.