மலைநீரில் மின்சாரம் கண்டவர்

பொன் தேடப் போனவர் நீரைக் கண்டு திரும்பினார் என்றே பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரவின் வாழ்க்கையை நான் தொடங்குவேன். 1874இல் காலியில் பிறந்த அன்னார், அரசாங்க உத்தியோகத்தராய்க் கெஹெல்கமு ஓயா, மஸ்கெலிய ஓயாப் பள்ளத்தாக்குகளில் பொற்படிவுகளை ஆராய்ந்தபோது, வீழும் நீரின் ஆற்றலையே பெரிதாக மதித்தார்.

1912இல் நுவரெலியா நகருக்கென பிளாக்பூலில் சிறு நீர்மின் நிலையம் அமைத்தார். இம்மலையாறுகளே இலங்கைக்கு மின்சாரம் வழங்க வல்லவை என 1918இல் பொறியியலாளர் சங்கத்தில் கணக்கிட்டுக் காட்டினார். செலவு மிகுதி, இத்தனை மின்சாரத்தை வாங்குவார் யார் என மறுத்தனர். அக்கேள்வி முற்றும் பொருளற்றதன்று; அந்நாளில் இங்கே ஆலைகள் ஏது? ஆயினும் மின்சாரம் வந்த பின்னரன்றோ ஆலைகள் பெருகும்!

1920களில் தொடங்கிய வேலை இடையில் நின்றது. அன்னார் சளைக்கவில்லை, 1931இல் அரசாங்க சபை புகுந்து அங்கும் வாதாடினார். லக்சபான நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கிற்று. 1953இல் அவர் மறைந்தார்.

நோட்டன் பிரிட்ஜில் 1965இல் எழுந்த நிலையம் அவர் பெயரைத் தாங்குகிறது. அந்நீர் கொழும்பை ஒளிரச் செய்த பின்னரும், மலையகத்துத் தோட்ட லயங்களில் நெடுங்காலம் குப்பி விளக்கே எரிந்தது. அதற்கு அவர் பொறுப்பல்லர்.